பரிசோதனை தாயைத் தேடி வர வேண்டும்!

உப்பின் பெயரைத் தாங்கி நிற்பது எமது உப்புவெளி. அவ்வூர்த் தாய்மாரின் இரத்தத்தில் ஏறும் சீனியைப் பற்றித் தலையங்கம் தீட்ட வேண்டிய காலம் வந்திருக்கிறது. அரசியல் ஏட்டுக்கு இது ஏற்ற பொருளன்று என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். தேர்தலும் தொகுதியுமே அரசியல் என்று எண்ணுவோருக்கு அப்படித்தான் தோன்றும். ஓர் இனத்தின் நாளைய தலைமுறை எங்கே கருக்கொள்கிறதோ அந்த இடத்தைப் பற்றி வாய் திறவாத அரசியல் என்ன அரசியல் என்று கேட்கிறோம்.

கர்ப்பகாலத்தில் தோன்றும் நீரிழிவு வலியோடு வருவதில்லை. காய்ச்சல் கண்டால் உடல் சுடும். இரத்தம் பெருகினால் கண்ணுக்குத் தெரியும். வலிப்பு வந்தால் வீடே அலறும். இந்நோயோ ஓசையின்றி வருகிறது. களைப்பும் தாகமும் அடிக்கடி சலம் போதலும் நல்ல சுகத்தோடிருக்கும் கர்ப்பிணிக்கும் உள்ளவையே. ஆகவே தாயும் அறியாள், தாயைப் பெற்றவளும் அறியாள், நாடி பார்க்கும் வைத்தியரும் அறியார். அறிவிக்க வல்லது உரிய காலத்திற் செய்யப்படும் இரத்தப் பரிசோதனை ஒன்றே. அப்பரிசோதனை வசதியுள்ளவளுக்குக் கிட்டி, வசதியற்றவளுக்குத் தவறிப்போகும் ஒன்றாக இருத்தல் கூடாது. தாய் பரிசோதனையைத் தேடி அலையும் நிலை ஒழிந்து, பரிசோதனை தாயைத் தேடி வரும் நிலை உண்டாக வேண்டும். இதுவே இன்று நாம் வற்புறுத்த விரும்புவது.

நோயின் இயல்பை முதலில் விளங்கிக்கொள்வோம். சூல்வித்தகம் என்று நூல்களும் நச்சுக்கொடி என்று எமது தாய்மாரும் கூறும் உறுப்பு, கருவிலுள்ள சிசுவுக்கு உணவு குறையாதிருக்கும் பொருட்டுச் சில ஓமோன்களைச் சுரக்கிறது. அவை தாயின் இன்சுலினுடைய வேகத்தை மழுங்கச் செய்கின்றன. இதனை ஈடுசெய்யத் தாயின் சதையி முன்னிலும் பன்மடங்கு இன்சுலினைச் சுரக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான பெண்களின் உடல் இச்சுமையைத் தாங்கிக்கொள்ளும். தாங்க இயலாத உடலில் இரத்தச் சீனி உயர்கிறது. உயர்ந்த சீனி சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவைச் சென்றடையும். தாயின் இன்சுலின் கடவாது. எனவே அளவுக்கு மிஞ்சிய சீனியைச் சமாளிக்கச் சிசு தானே இன்சுலினைப் பெருக்குகிறது, பெருக்கிக் கொழுக்கிறது. டென்மார்க் நாட்டு வைத்தியர் பெடர்சன் 1950களில் எடுத்துக்காட்டிய உண்மை இது.

வீட்டார் கொழுகொழுவென்று இருப்பதாகக் கண்டு மகிழும் நான்கு கிலோக் குழந்தையின் பின்னால் இந்த வரலாறு மறைந்திருக்கக்கூடும். அத்தகைய குழந்தை பிறக்கையில் தோள் சிக்கித் தாயும் சேயும் துன்புறலாம். தொப்புட்கொடி அறுந்ததும் தாயிடமிருந்து வந்த சீனி நின்றுவிடும். குழந்தையின் உடலில் மிகுந்துள்ள இன்சுலினோ நின்றுவிடாது. அதனால் பிறந்த சில மணி நேரத்துள் அதன் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடலாம். மூச்சுத் திணறலும் நேரலாம். தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறுதலும் சத்திரசிகிச்சைப் பிரசவமும் கூடுதலாகும். கவனியாது விட்ட கடுமையான நிலையில் குழந்தை வயிற்றிலேயே இறத்தலும் உண்டு.

“சலத்தைப் பார்த்தால் போதாதா?” என்று கேட்பார் இன்னும் உளர். சலத்தில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு நோயறிந்த எமது முன்னோரின் கூர்மை போற்றற்குரியதே. ஆயின் கர்ப்பகாலத்தில் சிறுநீரகம் சீனியைத் தடுத்து நிறுத்தும் எல்லை தாழ்ந்துவிடுகிறது. இரத்தத்திற் சீனி கூடாதவளின் சலத்திலும் அது தோன்றலாம். கூடியவளின் சலத்தில் ஒரு வேளை காணாமலும் போகலாம். ஆகவே இரத்தத்தைப் பார்த்தே தீர்வு காண வேண்டும்.

உலகம் இந்த அறிவுக்கு வந்து சேர்ந்தது ஒரு நாளில் அன்று. 1922 சனவரியில் ரொறன்ரோ நகரில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்படும் வரையில், நீரிழிவுள்ள பெண் கருவுறுதல் பெரும் ஆபத்தாகவே இருந்தது. 1964 இல் பொஸ்ரன் நகரில் ஓசலிவன், மகான் என்னும் இருவர் கர்ப்பிணிகளின் இரத்தச் சீனிக்கு அளவுகோல் வகுத்தனர். பின்னாளில் நீரிழிவாளர் ஆகக்கூடிய தாய் யார் என்று கண்டறிவதே அன்று அவர்களின் நோக்கம். 2008 இல் ஒன்பது நாடுகளிலே 23,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை ஆராய்ந்து வெளியிடப்பட்ட பேராய்வு, சீனி ஏற ஏறச் சிசுவுக்குரிய ஆபத்தும் படிப்படியாக ஏறுகிறது என்று நிறுவியது.

கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்போருக்கும் விடை உண்டு. அவுஸ்திரேலியாவில் 1,000 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்தி 2005 இல் வெளியிட்ட ஆய்விலே, வழமையான கவனிப்பு மட்டும் பெற்றோரின் குழந்தைகளுள் நூற்றுக்கு நான்கு கடும் தீங்குக்கு உள்ளாயின. உணவு ஆலோசனையும், சீனி அளந்து பார்த்தலும், வேண்டியோர்க்கு இன்சுலினும் பெற்றோரிடையே அது நூற்றுக்கு ஒன்றாகக் குறைந்தது. நோயைக் கண்டுபிடித்தால் குழந்தையைக் காக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

“இது பட்டணத்துப் பணக்காரரின் வருத்தம், வயலிலும் கடலிலும் பாடுபடும் எம் பெண்களை அண்டாது” என்னும் எண்ணம் எம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. அது வெறும் மயக்கம். தமிழகத்தைப் பாருங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியராக விளங்கிய டாக்டர் சேஷையாவும் அவர்தம் குழுவினரும் 2005 முதல் 2007 வரை 12,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பரிசோதித்தனர். நகரப் பெண்களுள் நூற்றுக்கு 17.8 பேருக்கும், சிறு பட்டினங்களில் 13.8 பேருக்கும், கிராமங்களில் 9.9 பேருக்கும் இந்நோய் இருக்கக் கண்டனர். கிராமத்திலும் பத்துப் பேருக்கு ஒருவர்! எமது உணவும் உடல்வாகும் கடலுக்கு அப்பாலுள்ள அந்த உறவினருடையவைதாமே? தென்னாசியருக்கு உடல் மெலிந்திருக்கும்போதே நீரிழிவு வந்துவிடும் என்பது மருத்துவ உலகு ஒப்புக்கொண்ட உண்மை. எமது நாட்டிலும் 2005-2006 இல் நடந்த ஆய்வு, வளர்ந்தோருள் பத்தில் ஒருவர் நீரிழிவாளர் என்று காட்டிற்று. மெலிந்தவள் என்பதும் உழைப்பவள் என்பதும் இந்நோய்க்கு எதிரான காப்பு ஆகா.

தமிழக அரசு அந்த உண்மையைக் கண்டு வாளாவிருக்கவில்லை. 2007 இல், அரச நிலையங்களுக்கு வரும் கர்ப்பிணிகள் அனைவருக்கும் இரத்தச் சீனி பார்த்தல் வேண்டும் என்று ஆணை பிறப்பித்தது. டாக்டர் சேஷையாவின் குழுவினர் வகுத்த முறை எளியது. தாய் உண்டு வந்தாலும் உண்ணாது வந்தாலும் 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரத்தின்பின் ஒரு முறை இரத்தம் எடுப்பர். சீனி 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலெனின் நோய் உண்டெனக் கொள்வர். நெடுந்தூரம் நடந்து வரும் ஏழைத் தாயை, “வெறும் வயிற்றோடு நாளைக்கு வா” என்று திருப்பி அனுப்பினால் அவள் திரும்பி வரமாட்டாள் என்ற அநுபவமே அம்முறைக்குக் காரணம். இந்த ஒற்றைப் பரிசோதனையிற் சிலர் தவறிப்போவர் என்று மறுத்துரைக்கும் நிபுணரும் உளர். அந்த வாதம் நிபுணர்களுக்கு உரியது. எமக்கு வேண்டிய பாடம், பரிசோதனையை வகுப்பவன் தாய் நடந்து வரும் வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே.

எமது நாடு இத்துறையில் ஏதுமறியாத நாடன்று. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள் முதலாக, குடிசை தோறும் ஏறி இறங்கிய மருத்துவமாதர் கட்டியெழுப்பிய சேவை இது. 1940களின் நடுப்பகுதியில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 1,500க்கு மேற்பட்ட தாய்மாரைப் பலிகொடுத்த நாடு, அண்மை ஆண்டுகளில் அதனை 30, 40 என்ற அளவுக்குக் குறைத்திருக்கிறது. செல்வம் மிக்க நாடுகளும் வியந்து நோக்கும் சாதனை இது. கர்ப்பிணிகள் அனைவருக்கும் முதற் பதிவின்போது ஒரு முறையும், 24 முதல் 28 வாரங்களுக்கிடையில் இன்னொரு முறையும் இரத்தச் சீனி பார்க்க வேண்டும் என்பது எமது தாய் சேய் நலத் திட்டத்திலும் எழுதப்பட்டே இருக்கிறது. விதியில் குறையில்லை. விதி உப்புவெளியையும் அதற்கு வடக்கேயுள்ள ஊர்களையும் வந்தடையும் வழியிலேதான் குறை நேர முடியும்.

அந்த வழியை நடந்து பார்ப்போம். இரண்டாவது பரிசோதனைக்குத் தாய் இரவு உணவின்பின் எட்டு மணி நேரமாவது எதுவும் உண்ணாதிருக்க வேண்டும். காலையில் முதலில் ஒரு முறை இரத்தம் எடுப்பர். பின்பு 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரிற் கரைத்து ஐந்து நிமிடத்துள் குடிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தின் பின்னும் இரண்டு மணி நேரத்தின் பின்னும் மறுபடி இரத்தம் எடுப்பர். அதுவரை அவள் உண்ணாமல் அமர்ந்திருக்க வேண்டும். வாந்தி எடுத்தால் வேறொரு நாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2013 இல் ஏற்றுக்கொண்ட அளவின்படி வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153 மில்லிகிராம். இவற்றுள் ஒன்றைத் தொட்டாலும் நோய் உண்டு. நாட்டுக்கு நாடு இவ்வளவுகள் சிறிது வேறுபடும் ஆதலால், கிளினிக்கில் வைத்தியர் கூறும் அளவையே தாய்மார் கொள்ளுதல் வேண்டும்.

அலஸ்தோட்டத்தில் இருப்பவளுக்கு நகரத்துப் பெரிய வைத்தியசாலை சில கிலோமீற்றர் தூரமே. குச்சவெளியில் இருப்பவளுக்கோ அது முப்பது கிலோமீற்றருக்கும் அப்பால். வயிற்றிற் பிள்ளையும் வெறும் வயிறுமாக விடிகாலையில் பஸ் ஏற வேண்டும். துணைக்கு ஒருவர் வர வேண்டும். அந்த ஒருவரின் அன்றைய கூலி போகும். வீட்டில் இருக்கும் மூத்த பிள்ளையைப் பார்க்க அயலவரைக் கெஞ்ச வேண்டும். அங்கு சென்றபின், “பரிசோதனைக்குரிய இரசாயனம் முடிந்துவிட்டது, வெளியிற் செய்து வாருங்கள்” என்ற சொல்லைக் கேட்க நேர்ந்தால், வெளியில் என்பது தனியார் ஆய்வுகூடம் என்பதும், அங்கு பணம் வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கும் இரசாயனத்துக்கும் அரச வைத்தியசாலைகளில் நேர்ந்த தட்டுப்பாட்டை நாடே அறியும். இத்தகைய நாளில் பரிசோதனை செய்யாது திரும்பும் தாயை அசட்டைக்காரி என்று பழித்தல் எந்த நியாயத்திற் சேரும்?

ஆகவே எமது கோரிக்கைகளைத் தெளிவாக முன்வைக்கிறோம். முதலாவதாக, கர்ப்பிணி கிளினிக் எங்கே கூடுகிறதோ அங்கேயே இரத்தம் எடுக்கப்பட வேண்டும். தாய் அலையாமல் இரத்தக் குழாய் பயணஞ் செய்யட்டும். வெறுங் குழாயில் எடுத்து வைத்த இரத்தத்தில் உள்ள கலங்கள் நேரஞ் செல்லச் செல்லச் சீனியைத் தின்றுவிடும்; ஆய்வுகூடத்தை அடையும்போது அளவு பொய்யாகக் குறைந்து, நோயுள்ளவளும் நோயற்றவளாகத் தோன்றுவாள். எனவே புளோரைட்டு இட்ட குழாயும், குளிர்ப் பெட்டியும், தாமதியாத வாகனமும் வேண்டும். இவை பெருஞ் செல்வம் கேட்பவையல்ல. ஒழுங்கைக் கேட்பவை.

இரண்டாவதாக, குளுக்கோசும் இரசாயனமும் தட்டுப்படும் நாளில் அச்செலவைத் தாயின் தலையிற் சுமத்தலாகாது. மூன்றாவதாக, ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவும் மூன்று மாதத்துக்கொரு முறை கணக்கை வெளியிட வேண்டும். பதிவு செய்த கர்ப்பிணிகள் எத்தனை பேர், 28 வாரத்துக்குள் பரிசோதிக்கப்பட்டோர் எத்தனை பேர், நோய் காணப்பட்டோர் எத்தனை பேர், பிரசவத்தின்பின் மீண்டும் பார்க்கப்பட்டோர் எத்தனை பேர் என்ற நான்கு எண்கள் போதும். தவறிப்போன தாய்மாரை எண்ணாத சேவை, அவர்களைத் தேடவும் மாட்டாது.

சுகாதாரம் 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி பெரும்பாலும் மாகாணத்துக்கு உரிய பொறுப்பு. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில், கேள்வி கேட்க வேண்டிய ஆசனங்களும் பதில் சொல்ல வேண்டிய ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன. ஒரு கிளினிக்கில் இரத்தக் குழாய் இல்லை என்று எழுந்து சொல்ல மக்கள் பிரதிநிதி இல்லாதபோது, மாகாண அதிகாரம் என்பது ஏட்டுச் சுரைக்காயாகவே முடியும். ஆட்சியுரிமையைப் பற்றிப் பேசுவோர் அதனைத் தாய்மாரின் கிளினிக் வாசலிலிருந்து பேசத் தொடங்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. ஆய்வுகூடத்திலிருந்து வரும் துண்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் உள்ள எண் நல்லதா, கெட்டதா என்று தாய்க்குத் தெரியாது. தன் இரத்தத்தைப் பற்றிய செய்தியைத் தன் மொழியில் அறிதல் ஒருத்தியின் உரிமை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். பிரசவ மருத்துவத்தையும் தமிழ் நூலாக்கினார். அந்நியர் ஒருவர் அன்று செய்ய முடிந்ததை, தமிழும் அரசகரும மொழி என்று சட்டம் கூறும் இன்று செய்ய முடியாதோ? “உனது சீனி இவ்வளவு, இருக்க வேண்டியது இவ்வளவு, அடுத்து நீ வர வேண்டிய நாள் இது” என்று தமிழில் மூன்று வரி எழுதிக் கொடுத்தாற் போதும்.

அரசாங்கத்தைக் கேட்பதோடு எமது கடமை முடிந்துவிடாது. வீட்டிலும் திருந்த வேண்டியவை பல. “இருவருக்குச் சேர்த்துச் சாப்பிடு” என்று மாமியார் அன்போடு அள்ளி வைக்கும் சோறும், நாளுக்கு ஐந்து முறை சீனி போட்டு ஊற்றும் தேநீரும் இந்நோயுள்ளவளுக்கு அன்பாகா. நோய் கண்டதும் பயந்து பட்டினி கிடத்தலும் தவறே. சோற்றை அளவாகப் பகிர்ந்து, மீனும் பருப்பும் கீரையும் கூட்டி, உணவின்பின் சிறிது நடந்தால் பலருக்கு அதுவே மருந்தாகும். மீனுக்கும் முருங்கையிலைக்கும் எமது கரையிற் பஞ்சமில்லை. குரக்கன் என்றால் எவ்வளவும் உண்ணலாம் என்பதும் பிழையான எண்ணம். அளவு அங்கும் வேண்டும். உணவினால் அடங்காதவளுக்கு வைத்தியர் மாத்திரையோ இன்சுலினோ தருவார். “இன்சுலின் தொட்டால் ஆயுள் முழுவதும் விடாது” என்பது வீண் பயம். கர்ப்பகாலத்தில் மட்டும் வந்த நோய்க்கு ஏற்றும் இன்சுலின் பெரும்பாலும் பிரசவத்தோடு நிறுத்தப்படும். அது சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவைத் தீண்டுவதுமில்லை. இந்நோயைப் பெண்ணின் குறையாகப் பேசும் நாவுகளை வீட்டிலுள்ள ஆண்கள் அடக்க வேண்டும். பரிசோதனைக்கு அவளோடு கூடச் செல்ல வேண்டியவனும் கணவனே.

உழவர் பெருமக்களுக்கு ஒன்று கூறுவோம். பயிர் குடலைப் பருவத்தில் நிற்கும்போதே வரம்பிற் சென்று நோய் பார்க்கிறீர்கள். கதிர் பதரான பின் மருந்தடிப்பவனை ஊர் நகைக்கும். 24 முதல் 28 வாரம் என்பது கர்ப்பத்தின் குடலைப் பருவம். அந்தப் பருவத்தைத் தவற விடாதீர்கள். நெல்லுக்குக் காட்டும் விழிப்பை நெல் விளைவது யாருக்காகவோ அவர்களுக்கும் காட்டுங்கள். கற்றோர்க்கும் ஒன்று கூறுவோம். பாடசாலையிலும் அலுவலகத்திலும் வேலை செய்யும் கர்ப்பிணிக்கு அந்த ஒரு காலைப் பொழுதைச் சம்பளம் வெட்டாமல் விடுவது உங்கள் கையில் உள்ளது. ஊரிற் கற்றவர் ஒருவர் வாசித்து விளக்கினால் எத்தனையோ தாய்மாருக்குத் துண்டிலுள்ள எண் விளங்கும்.

பிள்ளை பிறந்ததும் கதை முடிந்தது என்று எண்ணுதல் எல்லாவற்றிலும் பெரிய பிழை. பெரும்பாலோரின் சீனி பிரசவத்தின்பின் தாழ்ந்துவிடுவதால் எல்லாரும் மறந்துவிடுகின்றனர். கர்ப்பகால நீரிழிவு கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு ஏனையோரிலும் ஏழு மடங்கு என்று 2009 இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு காட்டியது. பிறந்த பிள்ளைக்கும் பின்னாளில் உடற்பருமனும் நீரிழிவும் வரும் வாய்ப்புக் கூடுதல். எனவே ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் தாயை மீண்டும் பரிசோதிக்க வேண்டும். அதன் பின்னும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் பார்த்தல் வேண்டும். தனக்கென்று வைத்தியரிடம் போகாத தாயும் பிள்ளையின் தடுப்பூசிக்குத் தவறாமல் வருவாள். இரண்டாம் மாதத் தடுப்பூசி நாளை முன்னரே குறித்து, அதே நாளில் அதே கிளினிக்கில் தாயின் இரத்தத்தையும் பார்த்தால் என்ன? இது எமது நான்காவது கோரிக்கை. புதிய கட்டிடம் வேண்டாம். புதிய பதவி வேண்டாம். நாட்குறிப்பேட்டில் இரண்டு வரிகளை ஒன்றாக எழுதினாற் போதும்.

காய்ச்சலையும் இரத்தப் பெருக்கையும் எதிர்த்து நின்று தாய்மாரை மீட்டவர்கள் எமது மருத்துவமாதர். அவர்களின் கையில் அன்று இருந்தவை ஒரு பையும் ஒரு சைக்கிளும் மாறாத உறுதியும்தாம். ஓசையின்றி வரும் இன்றைய பகையை எதிர்க்க அவர்களுக்கு வேண்டிய கருவிகளைக் கொடுப்பது ஆட்சியின் கடன். கொடுக்கும் வரை கேட்பது எமது கடன். உப்புவெளி முதல் குச்சவெளி வரை ஒரு தாயேனும் பஸ் கட்டணம் இல்லாமையால் தன் இரத்தத்தின் செய்தியை அறியாது போனாள் என்ற நிலை இருக்கும் வரையில், இலவச வைத்தியம் என்னும் சொல்லை அதிகாரிகள் சற்றே தயங்கித்தான் உச்சரிக்க வேண்டும்.